ஏழாம் கேள்விக்குப் பதில்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திரும்பி வரமாட்டாய். இதைக் கோபத்தில் எழுதவில்லை. சாப்பிட்டு, கை கழுவி, நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். போகும்போது மூன்று மாதப் பயிற்சி என்றாய். பிறகு ஒரு வருஷ ஒப்பந்தம் என்றாய். அப்புறம் எப்போது கேட்டாலும் "அடுத்த வருஷம் கட்டாயம்". இப்படி ஆறு அடுத்த வருஷங்கள் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுகிறாய். எழுத்தில் மாற்ற முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். வலது கை, வலது கால் இரண்டும் லீவில் இருக்கின்றன. வாய் மட்டும் ஓவர்டைம் பார்க்கிறது. நான் வேலைக்குக் கிளம்பும்போது, "எங்கேம்மா இறங்கணும்? சரியா சொல்லு, ஸ்டாப் தாண்டினா நான் பொறுப்பில்லே" என்கிறார். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதியவர் கட்டிலில் படுத்தாலும் கண்டக்டர்தான். மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை எட்டிப் பார்த்து, தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகிறாள். மற்ற நேரம் அவரும் கூரையும்தான்.

கம்பெனியில் நான் இன்னும் செக்கிங்கில்தான். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும், எழுபது பெண்களுக்கு இரண்டு டோக்கன். தையலில் தப்பு கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். தப்பாய்த் தைத்த கைதான் பிரித்துத் தைக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. அது ஒன்றுதான் இந்தக் கம்பெனியில் நியாயமான சட்டம்.

உங்கள் இல்லத்தில் முதியோரைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதப் பயிற்சி தருகிறார்களே, நீ முதலில் போனது, அதற்கு என்னைக் கூப்பிடு. அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் இங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்கிறார்கள். விசாரித்துவிட்டேன். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மத்தியானம் வந்து அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டுப் போகலாம். அந்த மூன்று மாதமும் அத்தை வந்து இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

நான் திரும்பி வருவேன். நான் நீ இல்லை.

இப்படிக்கு,
உன் தங்கை


மார்ச் 27

என் அருமைச் சில்லறைக்கு,

அப்பா என்னை நோட்டு என்றும் உன்னைச் சில்லறை என்றும் கூப்பிட்டுக் கெடுத்து வைத்ததில்தான் உனக்கு இவ்வளவு சத்தம். சில்லறைதானே குலுங்கும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நீ கேட்டது நியாயம். எங்கள் பெரிய நர்ஸிடம் பேசினேன். அழைப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். இத்துடன் இருக்கிறது.

இனி விசா ஆபீஸ் நேர்காணல் ஒன்றுதான் பாக்கி. எல்லாமே போக்குவரத்துக் கேள்விகள்தான். எங்கே போகிறாய், எங்கே தங்குவாய், எத்தனை நாள் இருப்பாய், முன்னால் எங்காவது போயிருக்கிறாயா. பத்துக் கேள்வி, பத்துப் பதில், இங்கிலீஷில் சொன்னால் அவர்களுக்குப் பிடிக்கும். தனித்தாளில் தமிழ் எழுத்திலேயே எழுதி, கீழே அர்த்தமும் போட்டிருக்கிறேன். அப்படியே மனப்பாடம் செய். ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே.

இங்கே நான் பார்க்கிற கூடத்தில் பதினெட்டுப் பேர். நாற்காலிகள் வட்டமாக இருக்கும், நடுவில் டி.வி. யாரும் பார்ப்பதில்லை. சாயந்திரம் ஐந்து மணியானால் ஜன்னலோரத்து அம்மா "ஐ வாண்ட் டு கோ ஹோம்" என்று தொடங்குவாள். வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும். அதற்கு நாங்கள் "யுவர் டாட்டர் இஸ் ஆன் த வே" என்று சொல்ல வேண்டும். உன் மகள் வந்துகொண்டே இருக்கிறாள். பயிற்சியிலேயே சொல்லித் தருகிற வாக்கியம் அது. மகள் வரமாட்டாள். ஆனால் சொன்னால் அந்த அம்மா அமைதியாகிவிடுவாள். நீயும் வந்து இதையெல்லாம் கற்றுக்கொள்ளத்தான் போகிறாய்.

அப்பாவின் முதுகில் பவுடர் போடு. புண் வந்தால் ஆறாது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தாள் வந்தது. கோபமாக எழுதியதற்கு மன்னித்துக்கொள். உன் கையெழுத்தைப் பார்த்ததும் எல்லாம் கரைந்துவிட்டது. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். டோக்கன் வாங்கிக் கழிப்பறையில் நின்று படிக்கிறேன். ஆறாம் கேள்விக்கு வந்தால் வெளியே கதவைத் தட்டுகிறார்கள்.

சாயந்திரம் அப்பாதான் ஆபீசர். இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, அதுதான் ரப்பர் ஸ்டாம்ப்பாம், "வேர் ஆர் யூ கோயிங்?" என்று அதட்டுகிறார். வாய் கோணினாலும் அதிகாரம் குறையவில்லை. நான் சரியாகச் சொன்னால் கட்டில் சட்டத்தில் டொக்கென்று ஸ்டாம்ப். தடுமாறினால், "இறங்கு, இறங்கு, அடுத்த பஸ்ஸுல வா." நீ போன இந்த ஆறு வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான்காம் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. "ஐ ஹேவ் நெவர் பீன் எனிவேர்." நான் எங்கேயுமே போனதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் எனக்குத் தடுமாற்றமே வருவதில்லை.

ஆனால் ஏழாவது? "ஹூ இஸ் அட் ஹோம்?" வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், "தேர் இஸ் நோபடி அட் ஹோம்", யாருமே இல்லை என்று எழுதியிருக்கிறாய். நேற்று இதை அப்பாவிடம் சொல்லும்போது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நோபடின்னா ஆளில்லேன்னுதானே? டூரிஸ்ட்டுக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சவன்டி நான், அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். அப்போ இந்தக் கட்டில்ல கிடக்குறது யாரு, லக்கேஜா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அதற்கப்புறம் ஸ்டாம்ப் போடவில்லை. எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும்? அப்பா இருக்கிறார் என்று சொன்னால் என்ன?

இப்படிக்கு,
உன் சில்லறை


மே 4

அன்புள்ள சில்லறைக்கு,

அப்பாவை ஏன் இதில் இழுத்தாய்? தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியதுதானே.

நான் காரணம் இல்லாமல் எழுதுவேனா? படுத்த படுக்கையாக ஓர் அப்பா இருக்கிறார் என்றால், பாதியில் ஓடிவிடுவாய், பயிற்சியை முடிக்கமாட்டாய் என்று நினைப்பார்கள். யாரும் இல்லை என்றால்தான் இவள் தங்கி ஒழுங்காகப் படிப்பாள் என்று நம்புவார்கள். இங்கே வந்தவர்கள் எல்லோரும் அப்படிச் சொல்லித்தான் வந்தார்கள். நானும்.

பொய்தான். ஒரே ஒரு நிமிடப் பொய். அப்பாவின் உடம்பில் அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. அவருக்கு வாய்ச்சவடால் அதிகம், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஏழாம் பதிலை மாற்றினால் எல்லாம் கெட்டுவிடும். நான் சொன்னதை அப்படியே சொல்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 11

அக்கா,

கிடைக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றேன். உள்ளே கூரைக்கடியில் நாற்காலிகள் காலியாக இருக்க, பிளாட்பாரத்தில் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி நிழலுக்கு நகர்ந்தாள் என்று காவலாள் அவளைக் கடைசிக்குத் துரத்தினான். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். உள்ளே போக வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆபீசர், பக்கத்தில் மொழிபெயர்க்கிற பெண். ஆறு கேள்வி வரை அப்பாவின் கரண்டிச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏழாவது வந்தது. "தேர் இஸ் நோபடி அட் ஹோம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். எழுதிக்கொண்டார். எட்டாம் கேள்வியே கேட்கவில்லை.

அந்தப் பெண் தமிழில் சொன்னாள்: "வீட்டுல யாருமே இல்லாதவங்க எதுக்காகம்மா திரும்பி வருவீங்க? அதான் அவர் கேக்குறார். திரும்பி வர்றதுக்கு ஒரு காரணம் காட்டணும், அதுக்குத்தான் இந்தக் கேள்வியே."

இருக்கிறார், அப்பா இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உனக்கும் தெரியாமல்தான் சொல்லியிருப்பாய். ஆறு வருஷத்தில் சட்டம் மாறியிருக்கும். அப்பாவிடம், "பஸ் ஃபுல்லுப்பா, ஏத்தலை" என்றேன். "விடு, அடுத்தது காலியா வரும்" என்றார்.

உன் தங்கை


ஜூலை 2

என் கண்ணே,

அழாதே. சட்டம் மாறித்தான் இருக்க வேண்டும். இங்கே ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஓர் அறையில் மூன்று பேர். ஜன்னலைத் திறந்தால் சலவைக்கூடத்து ஆவி. ஒரு நாளைக்கு நான் தூக்கி உட்காரவைக்கிற உடம்புகளின் எடையில் என் இடுப்பு போய்விட்டது. வராமல் போனது ஒரு விதத்தில் நல்லதென்றே நினைத்துக்கொள். அங்கே உனக்கு உன் வேலை இருக்கிறது, அப்பா இருக்கிறார், சொந்த வீடு இருக்கிறது.

அப்பாவுக்கு மெத்தை ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன். காற்றடைக்கிற மெத்தை. முதுகுப் புண்ணுக்கு நல்லது. பெரிய நர்ஸே தேடி வாங்கித் தந்தாள்.

அத்தையிடம் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடு, பாவம்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 21

அக்கா,

மெத்தை வந்தது. அப்பா அதில் படுத்துக்கொண்டு, "சொகுசு பஸ்ஸுடி" என்கிறார்.

டாக்டர் பழைய மருந்துச் சீட்டு கேட்டார் என்று அப்பாவின் தோல் பையைக் கொட்டினேன். டிக்கெட் பஞ்ச், விசில், ரப்பர் பேண்ட். அடியில், டிக்கெட் கணக்கு எழுதுகிற ட்ரிப் ஷீட் ஒன்று. அதன் பின்பக்கத்தில் உன் கையெழுத்து. பத்துக் கேள்வி, பத்துப் பதில். நீ போவதற்கு முன் படித்த தாள். நீ மறந்துவிட்டாய். அவர் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

ஏழாம் பதிலை உனக்கே எழுதிக் காட்டுகிறேன். "மை ஃபாதர் அண்ட் மை சிஸ்டர் ஆர் அட் ஹோம். தே ஆர் வெயிட்டிங் ஃபார் மீ. ஐ வில் கோ பேக் டு தெம்." என் அப்பாவும் தங்கையும் வீட்டில் இருக்கிறார்கள், எனக்காகக் காத்திருக்கிறார்கள், நான் அவர்களிடம் திரும்பிப் போவேன்.

எங்களைக் காட்டித்தான் நீ உள்ளே போனாய். "நானும்" என்று மே மாதக் கடிதத்தில் எழுதினாயே, அந்த ஒரு சொல்லை எழுதும்போது உன் கை நடுங்கவே இல்லையா? உற்றுப் பார்த்தேன். கோடு நேராகத்தான் இருக்கிறது. நான் செக்கர். கை நடுங்கிய தையல் எது, தெரிந்தே போட்ட தையல் எது என்று எனக்குத் தெரியும்.

ஏன்?

உன் தங்கை


ஆகஸ்ட் 19

சில்லறைக்கு,

மூன்று ஞாயிறாக நீ போனை எடுக்கவில்லை. சரி. எழுதுகிறேன்.

தெரிந்துதான் எழுதினேன்.

அத்தை மூன்று மாதம் பார்த்துக்கொள்வாள் என்று நீ நம்புகிறாய். நான் நம்பவில்லை. இங்கே பதினெட்டுப் பேர் இருக்கிறார்களே, ஒவ்வொருவருடைய பிள்ளையும் கதவருகே நின்று சொன்னது மூன்று மாதம்தான். வீடு மாறுகிறோம், மூன்று மாதம். வேலை மாறுகிறது, மூன்று மாதம். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சொல்லும்போது பொய்யும் சொல்லவில்லை. நானும் அந்தக் கண்ணாடி முன்னால் பொய் சொல்லவில்லை, திரும்பி வருவேன் என்றுதான் நினைத்தேன். வந்த நாற்பதாம் நாள், குளிக்கும்போது, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக நிற்கும்போது, யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்று கவனித்தேன். தண்ணீர் எடு, தூக்கு, திருப்பு என்று ஒரு குரலும் இல்லை. அன்றைக்கே தெரிந்துவிட்டது, நான் திரும்பமாட்டேன் என்று. நீயும் என் கூடப் பிறந்தவள்தானே. உனக்கும் ஒரு நாற்பதாம் நாள் வரும்.

அப்புறம் அப்பாவை யார் பார்ப்பார்கள்? நான் வர வேண்டியிருக்கும். என்னால் முடியாது. முன்பின் தெரியாத பதினெட்டுப் பேரை என்னால் குளிப்பாட்ட முடிகிறது. அப்பாவை முடியாது. அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அதைத் தாங்க முடியாது.

வரவே கூடாது என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ என்னைச் சும்மா விட்டிருப்பாயா? ஓர் ஆபீசர் சொன்னால் நீ யாரையும் வெறுக்கமாட்டாய் என்று நினைத்தேன்.

உனக்கு எது வேண்டுமானாலும் அனுப்புகிறேன். கேள்.

அக்கா


செப்டம்பர் 8

அக்கா,

எது வேண்டுமானாலும் கேள் என்றாய். கேட்கிறேன். மெத்தை வேண்டாம்.

நீ வர வேண்டாம். இதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதே. ஆறு வருஷமாக நீ இல்லாமல்தான் அப்பா மலம் கழித்தார், குளித்தார், தூங்கினார். உன் இடுப்பு போய்விட்டதாம். என் இடுப்பு எங்கே இருக்கிறது என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு குளியலறைத் தாழ்ப்பாள் கிடைத்தால் நானும் ஓடிவிடுவேன் என்று நீயே தீர்மானித்துவிட்டாய். ஓடியிருக்கலாம், ஓடாமலும் இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கிற வாய்ப்பைக் கூட எனக்கு விடவில்லை. உன் நாற்பதாம் நாளுக்கு என்னைத் தண்டித்திருக்கிறாய்.

விசா ஆபீஸில் விசாரித்தேன். இரண்டு மாதம் கழித்து ஒருமுறை மறுபடி விண்ணப்பிக்கலாம். அதிலும் மறுத்துவிட்டால் ஐந்து வருஷத்துக்கு அந்தப் பக்கமே போக முடியாது. ஐந்து வருஷம் கழித்து ஆஸ்பத்திரி என்னை எடுக்காது, அவர்களுக்கு முப்பது வயதுதான் வரம்பு. விண்ணப்பித்துவிட்டேன். நவம்பர் 23 நாள் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் என் ஃபைலில், வீட்டில் யாரும் இல்லை என்று நானே சொன்னது பதிவாகியிருக்கிறது. இப்போது அப்பா இருக்கிறார் என்றால் நான்தான் பொய்க்காரி. அந்த மொழிபெயர்க்கிற பெண்ணே சொன்னாள், அழைத்தவர் கைப்பட எழுதிக் கொடுத்தால் திருத்துவார்களாம்.

ஆகவே நீ எழுத வேண்டும். அந்த ஆபீஸுக்கு, உன் பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு. என் தங்கைக்குத் தப்பான பதிலைத் தெரிந்தே சொல்லிக்கொடுத்தது நான், எங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார், வீட்டில்தான் இருக்கிறார். மூன்று வரி. பெரிய நர்ஸ் உன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று யோசிப்பாய். யோசி. யோசித்துவிட்டு எழுது.

நீ எனக்கு எழுதித் தந்த தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏழாம் பதிலுக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறேன். எங்கள் லைனில் என்ன சட்டம் என்று மார்ச் மாதமே எழுதினேன். தப்பாய்த் தைத்த கைதான் பிரிக்க வேண்டும்.

உன் தங்கை


அக்டோபர் 28

அக்காவுக்கு,

ஏழு வாரமாகிறது. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. செப்டம்பரோடு ஞாயிற்றுக்கிழமை போனும் நின்றுவிட்டது. நான் கூப்பிட்டால் உன் கூட இருக்கிற ஒருத்தி எடுத்து, "அக்கா டியூட்டிக்குப் போயிருக்காங்க" என்கிறாள். பின்னால் உன் இருமல் கேட்கிறது.

இந்தக் கடிதம் உன்னிடம் வர ஒன்பது நாள். நீ எழுதுவது அந்த ஆபீஸுக்குப் போக ஒன்பது நாள். இன்னும் நேரம் இருக்கிறது.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கண்டக்டரிடம் எதை மறைக்க முடியும்? தினம் நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "நோட்டு லெட்டர் போட்டாளா?" என்கிறார். நேற்றைக்கு அந்தப் புது மெத்தையில் அவரைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தேன். முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏண்டி, அவளுக்கு நம்ம மேல ஏதாவது வருத்தமா?"

"இல்லைப்பா. லெட்டர் போட்டுட்டாளாம். வந்துக்கிட்டே இருக்கு."

அமைதியாகிவிட்டார்.

எந்தப் பயிற்சிக்கும் போகாமலே உங்கள் கூடத்து வாக்கியம் என் வாயில் வந்துவிட்டது. இந்த வீட்டில் இனி அதை நான் இன்னொரு முறை சொல்லமாட்டேன்.

மூன்று வரி. இன்றைக்கே எழுது.